திருமலைராயன்பட்டினமும் 50 பைட்டும்

நிரலில் ஒரு செயல்முறை மற்றொன்றை அழைக்கும்போது கொடுத்தனுப்பும் தகவலுக்கு அளவுரு என்று பெயர். எண்ணை அனுப்புவதில் சிக்கல் குறைவு. 4 பைட் முழு எண் என்றால், மதிப்பு எதுவானாலும் 4 பைட்தான். எழுத்துச் சரத்தின் நீளமோ பெயருக்குப் பெயர் மாறும். காரைக்கால் மாவட்டக் கொம்யூன் பஞ்சாயத்துகளில் நிரவியும் உண்டு, திருமலைராயன்பட்டினமும் உண்டு. இரண்டையும் ஒரே செயல்முறை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு, அனுப்பும் தரப்பும் பெறும் தரப்பும் மூன்றில் ஒத்துப்போக வேண்டும்: நீளம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது, எந்த அலகில் எண்ணப்படுகிறது, பெறும் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது. சரம் சிதையும்போது முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

தமிழில் அதிகம் இடறுவது அலகு. யுனிகோடில் ‘தி’ என்பது ‘த’, இகரக் குறி என இரண்டு குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவை. ஆகவே நிரவி 3 எழுத்து, 5 குறியீடு, 15 பைட். திருமலைராயன்பட்டினம் 12 எழுத்து, 20 குறியீடு, 60 பைட். அதே பெயர் ஆங்கில எழுத்துகளில் 23 பைட்டில் அடங்கிவிடும். 50 பைட் ஒதுக்கி, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரல் தமிழ்ப் பெயர் வந்ததும் தவறுவது இதனால்தான். காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மற்றப் பிரதேசங்களான மாஹேயின் மலையாளத்துக்கும் ஏனாமின் தெலுங்குக்கும் இதே 3 பைட் கணக்குதான்.

50 பைட்டோடு வெட்டினால் ‘திருமலைராயன்பட்ட’ வரை 48 பைட் போகும். மீதி 2 பைட் அடுத்த இகரக் குறியின் உடைந்த துண்டு. திரையில் அது கேள்விக்குறிக் கட்டமாகத் தெரியும்.

நீளத்தைக் குறிக்கும் வழியும் மொழிக்கு மொழி வேறு. சி மொழியில் நீளம் தனியாக எழுதப்படுவதில்லை. பூஜ்ய பைட் வரும் இடமே சரத்தின் முடிவு. எனவே 60 பைட் பெயருக்கு 61 பைட் இடம் வேண்டும். அந்த ஒரு பைட் குறைந்தால் பக்கத்து நினைவகம் அழியும். 1988இல் இணையத்தின் ஒரு பகுதியை முடக்கிய மாரிஸ் புழு, வரும் சரத்தின் நீளத்தைச் சரிபார்க்காத ஒரு நிரலின் வழியாகவும் கணினிகளுக்குள் நுழைந்தது. பழைய பாஸ்கல் தொகுப்பிகள் பலவற்றில் நீளம் முதல் பைட்டிலேயே இருக்கும். அதனால் சரம் 255 பைட்டைத் தாண்ட முடியாது.

தரவுத்தளங்களும் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஆரக்கிளில் வேறு அமைப்பு செய்யாவிட்டால், ஒரு சர மாறியின் நீளமாக அறிவிக்கும் 50 என்பது 50 பைட். 60 பைட் பெயரை அந்த மாறியில் இட்டால் 06502 எண் பிழை எழும். மைஎஸ்க்யூஎல்லில் 50 என்பது 50 குறியீடு. பெயர் முழுதாகப் பொருந்தும். எஸ்க்யூஎல் சர்வரில் செயல்முறையின் யுனிகோடு அளவுருவுக்கு 10 என்று அறிவித்திருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ‘திருமலைராய’ மட்டும் உள்ளே போகும். நீளமே அறிவிக்காவிட்டால் அது 1 என்று கொள்ளப்படும், எஞ்சுவது ‘த’. போஸ்ட்கிரஸ் செயற்கூறின் அளவுருவில் எழுதிய நீள வரம்பைப் பொருட்படுத்துவதே இல்லை.

இன்னொரு பொறி, ஒரே உருவத்துக்கு இரண்டு குறியீட்டு வரிசைகள். ‘கோட்டுச்சேரி’யின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பைட் கணக்கில் ஒன்று 36, மற்றது 39. ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்றே கணினி சொல்லும். உள்ளே வாங்கும்போதே யுனிகோடின் இயல்பாக்க முறையால் ஒரே வடிவத்துக்கு மாற்றுவது இதற்குத் தீர்வு.

பிழையைத் தேட, ஒவ்வொரு அழைப்பின் முன்னும் பின்னும் சரத்தின் பைட் நீளத்தையும் குறியீட்டு நீளத்தையும் பதிவுசெய்ய வேண்டும். எண் முதலில் மாறும் எல்லையில்தான் தவறு இருக்கிறது. அந்த இடத்தில் இரு பக்க அறிவிப்புகளையும் அருகருகே வைத்து வகை, வரம்பு, அலகு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். பிறகு வெற்றுச் சரம், வரம்புக்குச் சரியான சரம், அதைவிட ஒன்று கூடுதலான சரம் ஆகிய மூன்றையும் தமிழிலேயே கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

திருத்தும்போது வரம்பைக் குறியீட்டுக் கணக்கில் வைப்பதும், சி போன்ற மொழிகளில் இடத்தின் அளவையும் தனி அளவுருவாக அனுப்புவதும் நல்லது. இடம் போதாவிட்டால் செயல்முறை பிழை சொல்லி நிற்க வேண்டும். ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ ஓசையில்லாமல் வெட்டுப்பட்டுச் சேமிக்கப்பட்டால், இழந்த பகுதியைப் பின்னர் அந்தப் பதிவிலிருந்து மீட்க வழியே கிடையாது.