பள்ளி வாரியமும் சட்டமன்றமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிக்கூடத்தை நடத்துவது யார்? ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் என்று அந்நாட்டு மாணவன் விடை கூறுவான். விடை சரியே. ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை அத்துணை எளிதன்று. கலிபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அம்மாநிலத்துப் பள்ளி வாரியத்தில் பெரும்பாலும் ஐவர் இருப்பர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. முன்னாளில் வாரியம் தன் எல்லைக்குள் அடங்கிய வீடு, நிலங்களின் மீது வரி விதித்துச் செலவில் கணிசமான பகுதியைத் தானே திரட்டிக்கொண்டது. 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்கள் 13-ஆவது பிரேரணைக்கு வாக்களித்தனர். சொத்துவரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது அதன் சாரம். சொத்துவரி வருமானம் பாதிக்கு மேல் வீழ்ந்தது. அன்று முதல் பள்ளியின் பணப்பெட்டிச் சாவி தலைநகரமாகிய சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டது. பொறுப்பு மட்டும் ஊரிலேயே நின்றது.

இதன் விளைவை நாட்காட்டியிலேயே காணலாம். ஆளுநர் ஜனவரி 10-க்குள் வரவுசெலவுத் திட்டத்தை வெளியிடுகிறார். சட்டமன்றம் ஜூன் 15-க்குள் அதனை நிறைவேற்ற வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டு வேலை இல்லாமற் போகலாம் என்று ஆசிரியருக்கு அறிவிக்கவேண்டிய கடைசி நாளோ மார்ச் 15! எவ்வளவு பணம் வருமென்று அறியாமலே வாரியம் அறிவிப்பு அனுப்புகிறது. 2009 மார்ச்சில், நிதி நெருக்கடியின்போது, பல்லாயிரம் ஆசிரியர்கள் அத்தகைய கடிதம் பெற்றனர். பணியில் இளையவர்க்கே அது முதலில் செல்லும். பின்னர் பலருடைய கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன என்பது உண்மைதான். ஆயினும் இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் வகுப்பில் எந்த மனத்தோடு நின்றிருப்பர்?

சட்டமன்ற உறுப்பினர் கல்விக்குப் பகைவர் அல்லர். அவர் மேசையில் சாலை, சிறை, மருத்துவம், நீர்ப்பாசனம் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. மார்ச் மாதக் கடிதம் அவர் கண்ணில் படுவதில்லை. அதனைப் படவைக்கத் தகுந்தவர் பள்ளி வாரிய உறுப்பினரே. நெருக்கடி வந்தபின் முதன்முறையாகக் கதவைத் தட்டுவோரின் சொல் எடுபடுவது அரிது. அமைதியான நாளில் அவரைப் பள்ளிக்கு அழைத்து வகுப்பறையைக் காட்டுவதும், மசோதா குழுவின்முன் இருக்கையிலேயே அதனால் தம் பள்ளிக்கு ஆகும் செலவை எழுத்தில் தருவதுமே பயன் தருவன என்பது என் கருத்து.

உறவு என்றதும் சிபாரிசு என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. தனி உறுப்பினருக்கு அங்கே அதிகாரம் ஏதுமில்லை. வாரியம் பொதுமக்கள் முன்னிலையில் கூடி முடிவு செய்ததையே அவர் வாரியத்தின் பெயரால் எடுத்துரைக்கலாம். தம் மைத்துனருக்கு வேலை கேட்கப் போகிறவர் வேறு வகையினர்.

இவ்வுறவு ஒருமுறை ஏற்பட்டால் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. 2012-இல் மக்கள் ஏற்ற விதிப்படி, ஒருவர் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து 12 ஆண்டுகளே இருக்கலாம். புதியவர் வருந்தோறும் பழைய பாடத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். வருவோரில் சிலர் முன்பு பள்ளி வாரியத்தில் அமர்ந்திருந்தவர்கள். அவர்களிடம் மார்ச் 15 என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டுவதில்லை.