போதை புழங்காத அறை: கல்லூரி முதலாண்டில் எங்கே, யாருடன் தங்குவது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தது முதல் கல்லூரி தொடங்கும் நாள் வரை ஒரு குடும்பம் பல முடிவுகளை அடுத்தடுத்து எடுக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, கட்டணத்துக்கு என்ன வழி என்பவற்றைப் பற்றி வீட்டில் பல நாள்கள் பேசுகிறோம். பிள்ளை எங்கே தங்கப்போகிறது, யாருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளப்போகிறது என்பது மட்டும் பெரும்பாலும் கடைசி வாரத்தில், ‘இடம் கிடைத்தால் போதும்’ என்ற நிலையில் முடிவாகிறது. உடல்நலத்தைப் பொறுத்தவரை, மற்ற முடிவுகளுக்கு இணையான கவனம் இதற்கும் தேவை.

சத்தியமங்கலம் சுற்றுவட்டார மாணவர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. உள்ளூரிலோ கோபிசெட்டிபாளையத்திலோ உள்ள கல்லூரியில் சேர்ந்து, வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வருவது முதல் வழி. கல்லூரி விடுதியில் தங்குவது இரண்டாவது. கோவைக்குச் செல்வோர் சத்தி சாலையில் சரவணம்பட்டி போன்ற இடங்களில் தனியார் விடுதியிலோ, நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டிலோ தங்குவது மூன்றாவது. பதினேழு, பதினெட்டு வயதில், பெற்றோரின் நேரடிப் பார்வையின்றி வாழத் தொடங்கும் ஆண்டு இது. மது, புகை, கஞ்சா, மருத்துவரின் சீட்டின்றி விழுங்கப்படும் வலிநிவாரண மாத்திரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை யாரேனும் முதன்முறையாக நீட்டக்கூடிய காலமும் இதுவே.

விதியும் நடைமுறையும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் போதை புழங்காத தங்குமிடம் என்று தனிப் பிரிவே உண்டு. போதைப்பழக்கத்திலிருந்து மீண்டுவரும் மாணவர்களுக்காக ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988-இல் தனி இல்லம் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம், அத்தகைய அறைகளை விரும்பிக் கேட்கும் மாணவர் எவருக்கும் அவற்றை அளிக்க முன்வந்தது. அங்கே தங்குவோர் அறைக்குள் மதுவோ புகையோ கொண்டுவருவதில்லை என்று தாமே உடன்பட்டுச் சேர்கின்றனர்.

நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் இவை எல்லாம் விதியளவில் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள்ளும் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடுக்கிறது. மின்சிகரெட் விற்பனை 2019 முதல் நாடு முழுவதும் குற்றம். ஆயினும், விதி வாயிற்கதவு வரைதான் காவல் காக்கும். இரவு பதினொரு மணிக்கு அறைக்கதவு மூடிய பின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் அங்கே தங்கியிருக்கும் மூவரோ நால்வரோதான். ஆகவே நமக்குப் ‘போதை புழங்காத இடம்’ என்பது இரண்டு கூறுகளைக் கொண்டது: விதியை உண்மையாகவே செயல்படுத்தும் கட்டடம் ஒன்று, அறைத்தோழர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு மற்றொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவது அதிகம் பயன்படாது.

அறைத்தோழரின் தாக்கம்

‘என் பிள்ளை உறுதியானவன், யாருடன் இருந்தால் என்ன?’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. இதற்கு விடைதரும் ஆய்வு ஒன்றை மைக்கேல் கிரெமர், டான் லெவி என்னும் பொருளியல் அறிஞர்கள் 2008-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் குலுக்கல் முறையில் அறை ஒதுக்கப்பட்ட மாணவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். கல்லூரிக்கு வருமுன்பே மது அருந்தியிருந்த அறைத்தோழர் வாய்த்த ஆண் மாணவர்களின் சராசரி மதிப்பெண் புள்ளி, குடிக்காத அறைத்தோழர் வாய்த்தவர்களைவிடக் கால் புள்ளி குறைந்திருந்தது. தாமும் முன்பே குடித்துப் பார்த்திருந்த மாணவர்களிடம் இந்தச் சரிவு மிகுதியாக இருந்தது. பெண் மாணவர்களிடம் இத்தகைய விளைவு காணப்படவில்லை.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு. போதை புழங்காத அறை ‘ஒன்றும் அறியாத பிள்ளை’களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். பள்ளி நாள்களிலேயே ஒருமுறை சுவைத்துப் பார்த்த மாணவருக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மூளை வளர்ச்சியும் இங்கே கருதத்தக்கது. ஆசையை அடக்கவும், பின்விளைவை எண்ணிப் பார்க்கவும் துணைசெய்யும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ளது. அது முழு வளர்ச்சி பெற இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை, மன உறுதியை மட்டும் நம்பாமல் சூழலையும் ஏற்றதாக அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

யாருக்கு மிகவும் தேவை?

கீழ்க்காணும் நிலைகளில் உள்ள மாணவர்களுக்கு இது ஒழுக்கம் பற்றிய கேள்வி அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்வோருக்கு மதுவும் தூக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவர் மது அருந்தினால், கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவது தடைப்பட்டு, பல மணி நேரம் கழித்துக்கூட இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அந்நிலையில் ஏற்படும் தள்ளாட்டத்தையும் குழறலையும் உடனிருப்போர் வெறும் போதை என்று தவறாக எண்ணிவிடக்கூடும். காசநோய்க்கான ஐசோனியாசிட் போன்ற மருந்துகளோடு மது சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பு மிகும். ஆஸ்துமா உள்ளவருக்கு, தாம் புகைக்காவிட்டாலும் அறையில் பிறர் விடும் புகையே போதும். மனச்சோர்வுக்கும் மனநிலை மாறுபாட்டுக்கும் சிகிச்சை பெறுவோருக்கு மதுவும் கஞ்சாவும் நோயைக் கடுமையாக்கும்.

குடும்பத்தில் தாய்க்கோ தந்தைக்கோ மதுவுக்கு அடிமையாகும் நோய் இருந்திருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்நோய்க்கு ஆளாகும் இயல்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என்று இரட்டையரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. ‘நம் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு, கவனமாக இரு’ என்று சொல்வதைப் போலவே இதையும் பிள்ளையிடம் வெட்கமின்றிச் சொல்லலாம். மரபு என்பது விதிக்கப்பட்ட முடிவு அன்று. முன்னெச்சரிக்கைக்கான காரணம் மட்டுமே.

இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து சென்று வருவதே பாதுகாப்பு என்று நாம் எண்ணுகிறோம். வீட்டில் ஒருவர் நாள்தோறும் குடிப்பவராக இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நல்ல விடுதி ஒன்றே போதை புழங்காத இடமாக அமையலாம்.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. விடுதிக் காப்பாளர் இரவில் வளாகத்திலேயே தங்குகிறாரா? விதியை மீறினால் என்ன நடவடிக்கை என்பது எழுத்தில் உள்ளதா?
2. அறைத்தோழரைத் தேர்ந்துகொள்ளவோ, பின்னர் அறை மாற்றிக்கொள்ளவோ வழியுண்டா? அதற்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?
3. முதலாண்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடம் அல்லது தனித் தளம் உள்ளதா?
4. தனியார் விடுதியானால், நிர்வாகி யார்? வெளியார் இரவில் தங்க அனுமதி உண்டா?
5. வாடகை வீடானால், உடன் தங்குவோர் நால்வரும் ‘வீட்டுக்குள் மதுவும் புகையும் இல்லை’ என்று முன்பணம் கொடுக்குமுன் பேசி ஒப்புக்கொண்டிருக்கிறார்களா?
6. மாணவர் உட்கொள்ளும் மருந்தைப் பற்றியும், அவசரத்தில் செய்ய வேண்டியதைப் பற்றியும் காப்பாளருக்கோ அறைத்தோழர் ஒருவருக்கோ தெரியுமா?

இக்கேள்விகளை மாணவர் தாமே கேட்பது நல்லது. பெற்றோர் உடனிருக்கலாம், முடிவு மாணவருடையதாக இருக்கட்டும். திணிக்கப்பட்ட அறையிலிருந்து வெளியேற வழி தேடுவது இளமையின் இயல்பு. தாமே தேர்ந்த அறையைக் காத்துக்கொள்வதும் அதே இளமையின் இயல்புதான்.

தனித்துப் போய்விடுமோ?

இப்படி அறை கேட்டால் நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்னும் அச்சம் இயற்கையானது. மாணவர்கள் தம் சக மாணவர்கள் உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள் என்பதை 1986-இலேயே பெர்க்கின்ஸ், பெர்க்கோவிட்ஸ் என்னும் ஆய்வாளர்கள் காட்டினர். நம் நாட்டில் 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 27.3 விழுக்காடு. குடிக்காதவரே பெரும்பான்மையினர், அவர்கள் சத்தமின்றி இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

மறுப்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மூத்த மாணவர் வற்புறுத்தினால், “வேண்டாங்ணா, நான் மாத்திரை சாப்பிடறேன்” என்னும் ஒரு வரி போதும். அதன் பிறகும் கட்டாயப்படுத்தினால் அது நட்பன்று, பகடிவதை. தமிழ்நாட்டில் 1997 முதல் பகடிவதைத் தடைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தேசிய உதவி எண் 1800-180-5522.

அறை மட்டுமே மருந்தன்று

பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தால் இடமாற்றம் மட்டும் போதாது. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். எனவே மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் விவரங்களை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. போதைமீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, புகையிலையை விடுவதற்கு 1800-11-2356 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

அறைத்தோழர் எவரேனும் குடித்தோ மாத்திரை விழுங்கியோ எழுப்ப முடியாத நிலையில் கிடந்தால், ‘தூங்கித் தெளியட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயை அடைக்காதவாறு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். விடுதியில் தண்டனை கிடைக்குமே என்னும் தயக்கத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்து. எந்த விடுதியில் தங்கினாலும், உதவிக்கு அழைத்த பிள்ளையை வீட்டில் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்னும் உறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பெட்டியில் வைத்து அனுப்பும் மாத்திரைகளோடும் மருந்துச்சீட்டோடும் அந்த உறுதியும் பிள்ளையுடன் செல்லட்டும்.