எண்ணிமப் படக்கருவியின் உட்கடிகாரமும் காப்பு மின்கலமும்

டிஜிட்டல் கேமரா எனப் பரவலாக அழைக்கப்படும் எண்ணிமப் படக்கருவியினுள் நாளையும் நேரத்தையும் கணக்கிடும் சிறு மின்னணுக் கடிகாரம் ஒன்று உள்ளது. முதன்மை மின்கலம் கழற்றப்பட்ட பின்னும் இக்கடிகாரத்தை நிற்காமல் ஓடச் செய்யும் சிறிய மின்கலம் காப்பு மின்கலம் எனப்படும். பயன்படுத்தப்பட்ட பழைய கருவிகளில் முதலில் பழுதடையும் உறுப்புகளுள் இதுவும் ஒன்றாகும். இது செயலிழந்தாலும் படத்தின் தரம் குறைவதில்லை. ஆனால் படம் எடுக்கப்பட்ட நாள் தவறாகப் பதிவாகிறது. படத்தைச் சான்றாகவோ ஆவணமாகவோ பயன்படுத்த விரும்புவோருக்கு இது பெரிய இழப்பாகும்.

கடிகாரம் இயங்கும் முறை

கைக்கடிகாரங்களில் உள்ளதைப் போன்றே படக்கருவியிலும் குவார்ட்சுப் படிகம் ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைத் தொடர்ந்து 15 முறை இரண்டால் வகுத்தால் 1 கிடைக்கும். மின்சுற்று இவ்வாறு வகுத்து, நொடிக்கு ஒரு துடிப்பைப் பெறுகிறது. இதற்குத் தேவைப்படும் மின்சாரம் மிகக் குறைவு. எனவேதான் பொத்தான் அளவுள்ள மின்கலமே போதுமானதாக உள்ளது.

படிகத்தின் அதிர்வெண் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையாக இருந்தால், கடிகாரம் நாளொன்றுக்கு 1.7 நொடியும், மாதத்திற்கு ஏறத்தாழ 52 நொடியும் விலகும். இத்தகைய படிகங்கள் பொதுவாக 25 பாகை செல்சியசு அளவில் சரியாக இயங்கும்படி செய்யப்படுகின்றன. வெப்பம் அதனினும் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் மெதுவாகவே ஓடும். 15 பாகை வேறுபாடு நீடித்தால் மாதத்திற்குச் சுமார் 20 நொடி பின்தங்கும். ஆகவே மாதத்திற்கு ஒரு நிமிட அளவிலான விலகலைப் பழுது எனக் கொள்ளக்கூடாது.

காப்பு மின்கல வகைகள்

1. பயனர் மாற்றக்கூடியவை: கேனான் நிறுவனத்தின் இஓஎஸ் 350டி, 400டி ஆகியவற்றில் சிஆர் 2016 வகையும், இஓஎஸ் 5டி மார்க் 2 கருவியில் சிஆர் 1616 வகையும், பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் கருவியில் சிஆர் 1220 வகையும் பயன்படுகின்றன. இவை மின்னேற்றம் செய்ய இயலாத 3 வோல்ட் இலித்தியம் மின்கலங்கள். பெயரில் உள்ள எண்கள் அளவைக் குறிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 2016 என்பது 20 மி.மீ. விட்டமும் 1.6 மி.மீ. தடிப்பும் ஆகும்.

2. உள்ளேயே மின்னேற்றம் பெறுபவை: இவை மின்சுற்றுப் பலகையில் பற்றுவைக்கப்பட்டிருக்கும். முதன்மை மின்கலத்திலிருந்து மின்னேற்றம் பெறும். நிக்கான் டி90 கருவியின் கையேட்டின்படி, இரண்டு நாள் மின்னேற்றம் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குக் கடிகாரத்தை ஓட்டும். பல பவர்ஷாட் கருவிகளில் சுமார் 4 மணி நேர மின்னேற்றம் மூன்று வாரங்களுக்குப் போதுமானது. சோனி கருவிகளை நிறுத்திய நிலையில் 24 மணி நேரம் வைத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

3. மின்தேக்கி: சில கருவிகளில் மின்கலத்திற்குப் பதிலாக மின்தேக்கி உள்ளது. இது கடிகாரத்தைக் குறுகிய காலமே காக்கும்.

பழுதின் அறிகுறிகள்

* கருவியை இயக்கும் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் அமைக்குமாறு கேட்டல்.
* படங்களில் 2000 சனவரி 1 போன்ற தொடக்க நாள் பதிவாதல்.
* திரையில் கடிகாரக் குறி விட்டுவிட்டு ஒளிர்தல்.
* மொழி முதலிய பிற அமைப்புகளும் சில கருவிகளில் தொடக்க நிலைக்குத் திரும்புதல்.

நேர வேறுபாடுகள் யாவும் பழுதால் ஏற்படுவன அல்ல. பழைய கருவிகள் பல வெளிநாடுகளிலிருந்து வருவதால், அவை அந்நாட்டு நேரத்தையே காட்டக்கூடும். இந்திய நேரத்தைவிடச் சரியாக 3 மணி 30 நிமிடம் முந்தியிருந்தால் சப்பானிய நேரம் எனவும், 2 மணி 30 நிமிடம் முந்தியிருந்தால் சிங்கப்பூர் அல்லது மலேசிய நேரம் எனவும் கொள்ளலாம். துபாய் நேரம் 1 மணி 30 நிமிடம் பிந்தியிருக்கும். சரியாக 12 மணி வேறுபாடு முற்பகல், பிற்பகல் மாற்றி அமைக்கப்பட்டதால் நேர்வது.

பழுதைக் கண்டறியும் படிகள்

1. முழுமையாக மின்னேற்றிய முதன்மை மின்கலத்தை இட்டு, கைப்பேசியைப் பார்த்து நாளையும் நேரத்தையும் அமைக்க வேண்டும். நொடி காட்டும் கைப்பேசித் திரையை உடனே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

2. மின்கலத்தைக் கழற்றாமல் கருவியை நிறுத்தி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இந்நிலையிலேயே நேரம் அழிந்தால், முதன்மை மின்கலத்தின் தொடுமுனைகள், மின்கல மூடி, மின்சுற்றுப் பலகை ஆகியவற்றில் குறை இருக்கலாம்.

3. நேரம் அழியாதிருந்தால், முதன்மை மின்கலத்தை ஐந்து நிமிடம் கழற்றி மீண்டும் இட வேண்டும். பின்னர் ஓர் இரவு முழுவதும் கழற்றி வைத்துச் சோதிக்க வேண்டும்.

4. நேரம் அழிந்து, காப்பு மின்கலம் இரண்டாம் வகையைச் சேர்ந்ததாகவும் இருந்தால், உடனே அதைப் பழுது என முடிவு செய்யலாகாது. பல ஆண்டுகள் அலமாரியில் முதன்மை மின்கலமின்றிக் கிடந்த கருவியில் காப்பு மின்கலம் முற்றிலும் வடிந்திருக்கும். முதன்மை மின்கலத்தை இட்டு, இரண்டு நாள் விட்டு, மூன்றாம் படியை மீண்டும் செய்ய வேண்டும். அப்போதும் நேரம் நிலைக்காவிட்டால் அம்மின்கலத்தின் ஆயுள் முடிந்தது எனலாம்.

5. நேரம் அழியாமல் விலகல் மட்டும் காணப்பட்டால், ஒரு வாரம் கழித்து மீண்டும் கைப்பேசித் திரையைப் படமெடுத்து, இரு படங்களின் வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.

மாற்றுதலும் எச்சரிக்கைகளும்

முதல் வகை மின்கலத்தை எளிதாக மாற்றலாம். சில கருவிகளில் இது முதன்மை மின்கல அறையின் ஓரத்தில் சிறு தட்டில் இருக்கும். நேர்முனையின் திசையைக் கவனித்துப் பொருத்த வேண்டும். பழையதை மல்டிமீட்டர் கொண்டு அளக்கும்போது 3 வோல்ட்டிற்கு மிகவும் குறைவாகக் காட்டினால் அது தீர்ந்துவிட்டது எனப் பொருள்.

இரண்டாம் வகையை மாற்றக் கருவியைப் பிரித்துப் பற்றுவைக்க வேண்டும். இதில் இரு இடர்கள் உள்ளன. பிளாஷ் விளக்கிற்கான மின்தேக்கி, கருவியை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதைத் தொட்டால் கடும் அதிர்ச்சி ஏற்படும். மேலும், மின்னேற்றம் பெறும் எம்எல் வகை மின்கலம் இருந்த இடத்தில் மின்னேற்றம் பெறாத சிஆர் வகையைப் பொருத்தலாகாது. சுற்று அதற்கும் மின்னேற்ற முயல்வதால் அது வீங்கவோ கசியவோ கூடும். பயிற்சி இல்லாதவர்கள் இப்பணியைப் பழுதுநீக்குவோரிடம் விடுவதே தகும். பொத்தான் மின்கலங்களைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே கேடு நேரலாம். ஆதலால் பழையதையும் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

மாற்ற இயலாத கருவியைக் கைவிட வேண்டியதில்லை. முதன்மை மின்கலத்தை எப்போதும் கருவியிலேயே வைத்திருந்தால் பல கருவிகளில் நேரம் நிலைக்கும். ஒவ்வொரு முறை படமெடுக்கத் தொடங்கும்போதும் கைப்பேசித் திரையை முதற்படமாக எடுக்கும் பழக்கம் இருந்தால், கடிகாரம் தவறினாலும் நாளைப் பின்னர் மீட்கலாம்.

தவறான நாளிட்ட படங்களைத் திருத்துதல்

படம் எடுக்கப்பட்ட நேரம், எக்சிஃப் என்னும் தரத்தின்படி படக்கோப்பினுள்ளேயே எழுதப்படுகிறது. 2016 ஆம் ஆண்டு வெளிவந்த 2.31 ஆம் பதிப்பு வரை இதில் நேர வலயத்தைக் குறிக்க இடமில்லை. எனவே பழைய கருவியின் படத்தில் எந்நாட்டு நேரம் உள்ளது என்பது கோப்பிலிருந்து தெரியாது. கணினி காட்டும் கோப்பு மாற்றப்பட்ட நாள் வேறு. படத்தைத் திருத்திச் சேமித்தால் அது மாறிவிடும். ஆகவே அதைப் படமெடுத்த நாள் எனக் கொள்ளலாகாது.

கடிகாரம் தவறான நாளிலிருந்து தொடங்கியிருந்தாலும், அதன்பின் அது சரியான வேகத்திலேயே ஓடுகிறது. எனவே ஒரே ஒரு படத்தின் உண்மை நேரம் தெரிந்தால் மற்றவற்றைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, கைப்பேசித் திரையில் 2025 சனவரி 14, 16:45 எனக் காட்டும் படத்தில் 2000 சனவரி 3, 10:15 எனப் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். 2000 சனவரி 4, 09:00 எனப் பதிவான மற்றொரு படம், முதற்படத்திற்கு 22 மணி 45 நிமிடம் பிந்தியது. ஆகவே அதன் உண்மை நேரம் 2025 சனவரி 15, 15:30 ஆகும். எக்சிஃப்டூல் என்னும் இலவச மென்பொருள் நூற்றுக்கணக்கான படங்களின் நேரத்தை ஒரே கட்டளையில் இவ்வாறு நகர்த்தவல்லது. மூலப்படங்களின் படி ஒன்றை முன்னரே எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இடையில் கடிகாரம் மீண்டும் அழிந்திருந்தால் ஒரே கணக்கு எல்லாப் படங்களுக்கும் பொருந்தாது. கோப்பின் பெயரிலுள்ள வரிசை எண் இங்கு உதவும். எண் கூடிக்கொண்டே செல்லும்போது நேரம் மட்டும் பின்னோக்கிச் சென்றால், அவ்விடத்தில் கடிகாரம் அழிந்துள்ளது. அங்கிருந்து தனிக் கணக்கு தொடங்க வேண்டும்.

பொட்டிபுரம், போடிநாயக்கனூர் வட்டாரச் சான்றுகள்

உண்மை நேரம் தெரிந்த படம் ஒன்றுகூட இல்லாதபோது, படத்திலுள்ள காட்சியே சான்றாகிறது. தேனி மாவட்டத்தின் இவ்வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகை நெடுவரையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பொட்டிபுரம் ஏறத்தாழ 77.3 பாகையில் உள்ளதால், இங்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:21 மணிக்கு ஆகும். நவம்பர் தொடக்கத்தில் இது 12:05 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12:35 அளவிலும் நிகழும். ஊர் வடக்கு 10 பாகை அகலாங்குக்கு அருகில் உள்ளதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகத்து இறுதியிலும் உச்சி வேளையில் நிழல் ஏறத்தாழ மறையும். இவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உச்சி நிழல் தெற்கே விழும். ஆண்டின் பிற நாட்களில் வடக்கே விழும். உச்சி வேளையில் எடுத்த படத்தில் நிழல் தெற்கே விழுந்திருக்க, நாள் மட்டும் சனவரி எனப் பதிவாகியிருந்தால் கடிகாரம் தவறானது என உறுதியாகச் சொல்லலாம்.

தொடருந்தும் இவ்வாறே காலத்தைக் காட்டும். மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் பாதையில் கடைசி வண்டி 2010 திசம்பர் 31 அன்று ஓடியது. அகலப் பாதையில் போடிநாயக்கனூர் வரை பயணிகள் வண்டி 2023 சூன் 15 அன்றுதான் தொடங்கியது. ஆகவே போடி நிலையத்தில் மீட்டர் பாதைப் பயணிகள் வண்டி நிற்கும் படம் 2014 என நாளிடப்பட்டிருந்தால் அந்நாள் பொய்யானது.

பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அம்பரப்பர் மலையைப் பற்றிய விவாதங்களில் மலையின் நிலையைக் காட்டும் படம் அதற்கு முந்தையதா பிந்தையதா என்பது முக்கியமான வினா. ஏலத்தோட்டத்தில் காற்றால் செடிகள் சாய்ந்ததைக் காட்டும் படத்திற்கும் நாளே உயிர். இத்தகைய படங்களில் 2000 சனவரி 1 எனப் பதிந்திருந்தால், எதிர்த்தரப்பார் அதை ஏற்க மறுக்கலாம்.

பராமரிப்பு

மலையின் குளிரிலிருந்து சமவெளியின் வெப்பமான ஈரக்காற்றுக்குக் கருவியைக் கொண்டு வரும்போது அதன் மேலும் உள்ளும் நீர் படியக்கூடும். இது தொடுமுனைகளை அரிக்கும். இறங்குமுன் கருவியைக் காற்றுப்புகாத பையில் இட்டு, சூழலின் வெப்பத்தை அடைந்த பின் திறப்பது நல்லது. சேமிக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்கலாம்.

ஏஏ வகை ஆல்கலைன் மின்கலங்களைக் கருவியில் விட்டுவைத்தால் அவை கசிந்து வெண்மையான காரப் படிவை உண்டாக்கும். பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பின் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் தூய்மை செய்து உலரவிட வேண்டும். மின்னேற்றக்கூடிய காப்பு மின்கலம் உள்ள கருவியை நீண்ட காலம் பயன்படுத்தாவிட்டாலும், இரு மாதங்களுக்கு ஒருமுறை முதன்மை மின்கலத்தை இட்டு இரண்டு நாள் வைத்திருந்தால் காப்பு மின்கலத்தின் ஆயுள் நீடிக்கும்.