உங்களுக்குத் தெரியுமா? வாவிக்கரைச் சைக்கிள் ஓட்டமும் ‘என்ன மா?’ என்ற கேள்வியும்

● மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். கிழக்குக் கரையான எழுவான்கரையால் சைக்கிளில் கல்முனைப் பக்கம் போய், மேற்குக் கரையான படுவான்கரையால் திரும்பினால் 100 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் நடுவிலேயே கரை மாறலாம். படுவான்கரை முழுக்க வயல். சோறு தின்னும் ஊரில் கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். குறை இருக்கிறது.

● கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பசை என்று பொருள். ரொட்டிக்காரர் மாவை விசிறி விசிறித் துணிபோல் ஆக்குகிறாரே, அப்போது கிழியாமல் இழுபடுவது அதனால்தான். அரிசி மாவை அப்படி விசிறிப் பாருங்கள், பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதனால்தான் அதைக் குழலில் அடைத்தும் உரலில் பிழிந்தும் ஆவியில் அவிக்கிறோம்.

● சீலியாக் நோய் உள்ளவர் குளூட்டன் சாப்பிட்டால் அவருடைய நோயெதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். குற்றவாளி கோதுமை என்று காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காமல் போனது. ஊரே பசியில் வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அத்துடன் உறுதியானது.

● இலங்கையில் கோதுமை பயிரிடப்படுவதில்லை, எல்லாம் கப்பலில் வருவதுதான். பழைய ஆட்கள் அதை ‘அமெரிக்கன் மா’ என்பார்கள். ஆனாலும் அது நம் பிட்டுக்குள்ளும் இடியப்பத்துக்குள்ளும் புகுந்து பல காலம். அவித்த கோதுமை மாவைக் கலந்தால் பிட்டு மெதுவாக இருக்கும் என்று வீட்டிலும் கலக்கிறோம், கடையிலும் கலக்கிறார்கள். தோசை மாவிலும் ஒரு கை விழுவது வழக்கம். பாணைக் கண்டால் ஒதுங்கிவிடலாம். வெள்ளை வெளேரென்று இருக்கும் இடியப்பத்தைப் பார்த்து என்ன மா என்று யாரால் சொல்ல முடியும்? நிறத்தை வைத்துத் துணிய வேண்டாம். குரக்கன் பிட்டு என்றாலும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

● கொத்து ரொட்டியைத் தவிர்த்து ‘ஃபிரைட் ரைஸ்’ கேட்பவர் கவனிக்க: வழக்கமான சோயா சோஸில் கோதுமை உண்டு. கட்டிப் பெருங்காயத்திலும் தூள் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்திருக்கும். வீட்டில் கட்டிய புளிச்சோறு கூட இந்த வழியில் ஏமாற்றிவிடும். ஓட்டம் முடிந்த களைப்பில் நீட்டப்படும் மைலோ, ஹோர்லிக்ஸ் எல்லாம் பார்லி மோல்ட் சேர்ந்தவை. கையை நீட்டாதீர்கள்.

● நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. பயிற்சி பெற்ற வயிறு 90 கிராம் வரை தாங்கும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 28 கிராம். ஆக, ஒரு பழமும் ஒரு சிறு உருண்டைச் சோறும் ஒரு மணி நேரத்துக்குக் காணும்.

● அமெரிக்காவின் கார்மின் சைக்கிள் அணி 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோதுமையை ஒதுக்கி, பிரான்ஸ் சுற்றுப் போட்டியில் ஓடியது. அந்த அணியோடு இருந்த உடலியலாளர் அலன் லிம், வீரர்களின் சட்டைப்பைக்குச் சோற்றைக் கட்டியாக்கி, தாளில் சுற்றிக் கொடுத்தார். சமையல்காரர் பிஜு தாமஸுடன் சேர்ந்து 2011இல் புத்தகமாகவும் போட்டார். தாளுக்குப் பதில் வாட்டிய வாழையிலை என்றால் நம் கட்டுச்சோறு! ஒரே எச்சரிக்கை: மட்டக்களப்பு வெயிலில் சோறு சீக்கிரம் கெடும். காலையில் கட்டியதை மத்தியானத்துக்கு வைத்திருக்க வேண்டாம்.

● இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கொஞ்சம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

● சட்டியில் உறைந்த எருமைத் தயிரில் குளூட்டன் இல்லை. ஆனால் கொழுப்பு அதிகம், மிதிக்கும்போது வயிறு கனக்கும். அதை வீடு திரும்பியபின் ருசித்துச் சாப்பிடுங்கள்.

● நோய் இல்லாதவர் கோதுமையை விட்டால் வேகம் கூடுமா? தஸ்மேனியாவில் 13 சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. சீலியாக் இல்லாத அவர்களிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. நவநாகரிகத்துக்காகப் பாணை விட்டவர்கள் தாராளமாகத் திரும்பிப் போகலாம்.

● 1,200 கிலோமீற்றரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தின் பெயரில் சில்லு வடிவப் பலகாரம் ஒன்று உண்டு. அது கோதுமை மாவில் செய்வது!

● குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். ரொட்டி சுட்ட அதே கல்லில் வார்த்த தோசை அந்த எல்லையை மீறிவிடலாம். ஆகவே ஓட்டத்துக்கு முதல் நாளே கடைக்குப் போய், காத்தான்குடி என்றால் “காக்கா”, களுவாஞ்சிகுடி என்றால் “அண்ணே” என்று கூப்பிட்டுக் கேளுங்கள்: “இது என்ன மா? கல்லைக் கழுவிவிட்டு எனக்கு முதலில் ஊற்றித் தருவீங்களா?”