வளரும் பிள்ளையும் வைகறைச் சீனியும்

ஹற்றன் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை மனத்திற் கொள்வோம். நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் நீரிழிவு நோயாளி அவள். உறங்கப் போகையில் அளவோடிருந்த குருதிச் சீனி, தாய் கொழுந்தெடுக்கப் புறப்படும் விடியற்காலையில் மிக ஏறியிருக்கிறது. இரவிற் களவாக இனிப்புத் தின்றாள் என வீட்டார் கடிந்துகொள்கின்றனர். பிள்ளையோ எதனையும் உண்டிலள்.

இதற்குப் பெரும்பாலும் காரணமாவது வளர்ச்சி ஓமோன். மூளையின் அடியில் கடலையளவாய் அமைந்த கபச்சுரப்பி, ஆழ்ந்த உறக்கத்தில் இதனை மிகுதியாகச் சுரக்கின்றது. உடலை வளர்க்கும் இவ்வோமோன் இன்சுலினின் செயலைத் தடுக்கவும் செய்யும். அதனால் ஈரலிலிருந்து சீனி குருதியிற் கூடுதலாய்ச் சேரும். நோயற்ற பிள்ளையின் சதையி, வேண்டிய இன்சுலினைச் சுரந்து அதனைச் சமன்செய்துவிடும். இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்த பிள்ளைக்கு அவ்வாற்றல் இல்லை. பூப்புப் பருவத்தில் இவ்வோமோன் பெருகுவதால் இன்சுலின் தேவையும் பெருகும். சதையி நீக்கப்பட்ட நாயின் கபச்சுரப்பியையும் நீக்கினால் நீரிழிவு தணிவதைக் காட்டிய ஆர்ஜென்டீன அறிஞர் பெர்னார்டோ ஹுசே, இத்துறை ஆய்வுக்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார்.

இங்கு ஒரு விந்தையுண்டு. போதிய இன்சுலின் பெறாத பிள்ளையிடம் வளர்ச்சி ஓமோன் மிகுந்திருந்தும் வளர்ச்சி குன்றும். அவ்வோமோனின் ஏவலால் எலும்பை வளர்க்கும் பொருளை ஈரல் ஆக்குதற்கும் இன்சுலின் வேண்டும். அப்பொருள் குறையவே, கபச்சுரப்பி மேலும் சுரக்கும். சீனியும் மேலும் ஏறும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர். குள்ளம் இவ்வாறு பழகிப்போன இடத்தில், நோயாற் குன்றும் பிள்ளை எவர் கண்ணிலும் படாது போகலாம்.

ஆதலின் உணவைக் குறைத்தலும் ஊசியைத் தவிர்த்தலும் தீர்வாகா. பின்னிரவு 2 அல்லது 3 மணிக்குச் சில நாள்கள் சீனியைச் சோதித்துக் குறித்து, மருத்துவரிடம் காட்டல் வேண்டும். அவ்வேளை சீனி தாழ்ந்திருப்பின் காரணம் வேறு. அதனை அறியாது இரவு ஊசியைக் கூட்டுவது உயிருக்கே ஆபத்தாகும். உயரத்தையும் காலந்தோறும் அளந்து எழுதி வைத்தல் நன்று.

மலையகத்தில் ஆசிரியராயும் மருத்துவராயும் பணிபுரியும் நம் பழைய மாணவர், இவ்வுண்மையைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பாராக. செய்யாத களவுக்கு ஒரு பிள்ளை ஏச்சுக் கேளாதிருத்தலும், உரிய உயரத்துக்கு வளர்தலும் அதனாற் கைகூடும்.