குளத்தில் விட்ட மாகுர் குஞ்சு பொரிக்குமா?

கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழர் எவரும் மீன் கடையில் இதைக் கவனித்திருப்பார். ரோகுவும் கட்லாவும் துண்டு துண்டாகிக் கிடக்க, பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டியில், கையளவு தண்ணீரில், மீசை வைத்த கறுப்பு மீன்கள் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். அதுதான் மாகுர். நம்மூர்க் கெளுத்திக்கு உறவு. அதன் கூட்டாளியான ஷிங்கியை நம் பக்கத்தில் தேளி என்பார்கள். முள் குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும்.

காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்குப் பப்பாளிக்காயோ வாழைக்காயோ போட்டு மாகுர் குழம்பு வைத்துக் கொடுப்பது வங்காளிகளின் வழக்கம். வெளிக் காற்றையும் சுவாசிக்கக் கூடிய மீன் ஆதலால் சட்டியில் பல மணி நேரம் தாங்கும். செத்த மாகுருக்கு மதிப்பில்லை. எனவே விலையும் அதிகம்.

விலையைப் பார்த்ததும் சொந்தக் குளம் உள்ளவருக்கு ஆசை வருவது இயல்பு. ஒரு தடவை குஞ்சு வாங்கி விட்டால் போதும், பிறகு அதுவே பெருகிக்கொள்ளும் என்று கணக்குப் போடுகிறார். மீன் வளர்கிறது. ஓராண்டில் பெண் மீனின் வயிறு முட்டையால் உப்புகிறது. ஆனால் அடுத்த ஆண்டு வலை போட்டால் குஞ்சைக் காணோம். மறுபடி கையைவிட்டுப் பணம் போட்டுக் குஞ்சு வாங்க வேண்டியிருக்கிறது.

வெள்ளம் வர வேண்டும்

காரணம் மீனின் பிறவிக் குணத்தில் இருக்கிறது. நம் ஊர் ஏரிகளில் புது வெள்ளம் வந்ததும் மீன் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பருவமழையில் வயல்கள் மூழ்கும்போது மாகுர் குளத்தை விட்டு ஆழமில்லாத புது நீருக்குப் போகும். அங்கே குழி அமைத்து, அதில் முட்டையிடும். முட்டை ஒட்டும் தன்மை உடையது. ஆண் மீன் காவல் இருக்கும். நான்கு பக்கமும் செங்குத்தான கரை கட்டிய, நீர்மட்டம் மாறாத குளத்தில் இந்த அறிகுறி எதுவும் கிடைப்பதில்லை. முட்டை வயிற்றிலேயே கரைந்துபோகிறது.

ஆகவே குளத்துக்காரர் செய்ய வேண்டியது, மீனுக்கு வெள்ளம் வந்துவிட்டதாக நம்பிக்கை ஊட்டுவதுதான். கோடையில் நீரைக் குறைத்து வைக்க வேண்டும். கரையோரம் சரிவாகத் திட்டு அமைத்து, அதில் சிறு குழிகள் தோண்டிப் புல் பூண்டை விட்டுவைக்க வேண்டும். மழை பிடித்ததும் புது நீரை விட்டு அந்தத் திட்டை மூழ்கடிக்க வேண்டும். விரால் போன்ற மீன்தின்னிகள் அதே குளத்தில் இருந்தால் பாடுபட்டது வீண். கரையைச் சுற்றி வலை வேலியும் அவசியம். மழை இரவில் மாகுர் ஈரத் தரையில் ஊர்ந்து பக்கத்து வயலுக்குக் குடிபோய்விடும்!

ஊசி முறை

இதிலும் எல்லா ஆண்டும் பலன் ஒரே மாதிரி இருக்காது. அதனால்தான் குஞ்சு விற்போர் ஊசியை நாடுகிறார்கள். இதற்கு வழிகாட்டியவர் டாக்டர் ஹீராலால் சௌத்ரி. அவர் 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒரிசாவிலுள்ள அங்குல் என்னும் ஊரில், பிட்யூட்டரி சுரப்பியின் சாறை ஊசியாகப் போட்டு கெண்டை இன மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்தார். அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். இப்போது செயற்கை ஹார்மோன் மருந்து புட்டியிலேயே கிடைக்கிறது.

மாகுரிடம் ஒரு சங்கடம் உண்டு. பெண் மீனுக்கு மாலையில் ஊசி போட்டால் மறுநாள் காலை வயிற்றை அழுத்தி முட்டை எடுத்துவிடலாம். ஆண் மீன் அப்படி விந்து தராது. அதைக் கொன்று விந்துப்பையை எடுத்து அரைத்துத்தான் முட்டையோடு கலக்க வேண்டும். சுமார் ஒரு நாளில் குஞ்சு பொரியும். மூன்று நான்கு நாளில் கருவுணவு தீர்ந்துவிடும். உடனே நுண்ணுயிர் இரை கிடைக்காவிட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். நஷ்டம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

கற்றுக்கொள்ள விரும்புவோர் தூரம் போக வேண்டாம். மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் கல்கத்தா மையம் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில், ஜி.என். பிளாக்கில் இருக்கிறது. பொருத்தமான இடம்தான். இந்த நகரமே 1962 முதல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து மீன் ஏரிகளை மேடாக்கி எழுப்பியது. தப்பிய ஏரிகளில் ஒன்றான நல்பன் ஐந்தாம் செக்டாரை ஒட்டியே கிடக்கிறது. அதற்கப்பால் பரந்துள்ள கிழக்குக் கல்கத்தா சதுப்பு நிலம் 12,500 ஹெக்டேர். 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நகரத்துச் சாக்கடை நீரில் அங்கே மீன் வளர்க்கிறார்கள்.

போலி மாகுர்

குஞ்சு வாங்கும்போது ஏமாறாதிருக்க வேண்டும். தாய் மாகுர் என்ற பெயரில் உலவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு தடை செய்தது. அது கண்ட மீனையெல்லாம் தின்று தீர்க்கும். குளத்திலிருந்து தப்பினால் ஆற்று மீனுக்கும் ஆபத்து. அப்படியிருந்தும் திருட்டுத்தனமாகக் குஞ்சு விற்கப்படுகிறது.

நாட்டு மாகுர் ஓராண்டில் 150 கிராம் வந்தாலே நல்ல வளர்ச்சி. ஆறு மாதத்தில் கிலோக் கணக்கில் எடை காட்டுவதாக வியாபாரி ஆசை காட்டினால், அது எந்த மீன் என்று கேட்கவே தேவையில்லை.