ஏந்துங் காலும் எற்றுங் காலும்

பந்தாட்டம் தமிழிலக்கியம் பயின்றார்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிற் கந்துகவரி உண்டு. சீவக சிந்தாமணியில் விமலை ஆடிய பந்து வீதியில் வந்து விழுந்தே அவளுக்குச் சீவகனைக் காட்டிற்று. திருக்குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியும் பந்தாடுகிறாள். இம்மகளிர் யாவரும் கையாற் பந்தடித்தவர். பந்து நிலத்தில் விழாதவாறு காலாற் காக்கும் ஆட்டத்தைக் காண விரும்புவோர் நமக்குக் கிழக்கேயுள்ள நாடுகளை நோக்குதல் வேண்டும்.

மியன்மாரிற் பிரம்பினாற் பின்னிய பந்தை அறுவர் வட்டமாக நடந்தவாறே காலால் எழுப்பி ஆடுவர். சின்லோன் என்பது அதன் பெயர். மலாய் நாட்டார் ஆடிய சேபக் ராகா, பின்னர் வலை கட்டி ஆடும் சேபக் தக்ரோவாக வளர்ந்து, 1990இல் பெய்ஜிங்கில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் இடம்பெற்றது. 2018இல் பலெம்பாங்கில் இந்திய ஆடவர் அணி இவ்வாட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றது.

இக்குடும்பத்தில் மிக இளையது 'புட்பாக்'. இதனைக் காற்பை என்போம். சிறு மணிகளை உள்ளே நிரப்பித் தைத்த, உள்ளங்கையில் அடங்கும் பை அது. 1972இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மைக் மார்ஷல் என்பவர் அதனை ஆடிக்கொண்டிருந்தார். முழங்காற் காயத்திலிருந்து தேறிவந்த ஜோன் ஸ்டால்பர்கர் அவரோடு சேர்ந்தார். அவ்வாட்டமே அவர் காலுக்குப் பயிற்சியாயிற்று. 'ஹக்கி சாக்' என்னும் பெயரில் அப்பை உலகெங்கும் பரவியது. காயமுற்ற முழங்காலுக்குத் துணைநின்ற ஆட்டம், நல்ல முழங்காலைக் காயப்படுத்துமோ என்பதே இன்று நாம் ஆராயும் வினா.

இவ்வினா வெறும் ஆராய்ச்சிக்குரியதன்று. கொழும்பின் நெருக்கத்தில், வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளிலும் நுகேகொடையின் சிறு முற்றங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு ஓடியாட மைதானம் அரிது. பாய் விரிக்கும் அளவு இடமிருந்தாற் போதும் என்னும் ஆட்டத்தை ஆசிரியர் விலக்குவதாயினும் விதிப்பதாயினும் காரணம் அறிந்து செய்தல் வேண்டும்.

முதலிற் பையின் பாரத்தை நோக்குவோம். உதைபந்தின் நிறை 410 முதல் 450 கிராம் வரை. காற்பையோ பெரும்பாலும் 40 முதல் 60 கிராம். எனவே பை பட்டு உடல் புண்படுவது அரிது. எதிராளி மோதுவதும் இங்கே இல்லை. தீங்கு வருமாயின் அது ஆடுவோன் தன் உடலைக் கையாளும் முறையினின்றே வரும்.

தமிழில் உதைத்தல், எற்றுதல், ஏந்துதல் என மூன்று சொற்கள் உள. காற்பை ஆட்டத்துக்குரியது மூன்றாவது. பை முழங்கால் உயரத்துக்கு இறங்கும்வரை பொறுத்து, உட்பாதத்தை மேனோக்கித் திருப்பி, கீழிருந்து மெல்ல உயர்த்துவதே முறை. பையைப் பாதத்தில் நிறுத்த விரும்பினால், அது இறங்கும் வேகத்துக்கு இணங்கப் பாதமும் இறங்குதல் வேண்டும். எறிந்த முட்டையை உடையாமற் பிடிக்குங் கை செய்வதும் இதுவே.

உட்பாதம் மேனோக்கித் திரும்புவது எந்த மூட்டினால் என்பதிலேதான் நன்மையும் தீமையும் பிரிகின்றன. இடுப்பு மூட்டு கிண்ணத்துட் பந்து அமைந்தாற் போன்றது. பல திசையிலும் சுழலும். முழங்கால் பெரும்பாலும் கதவின் பிணைச்சல் போன்றது. மடங்கும், நீளும், சிறிதே திரும்பும். இடுப்பு இறுகியிருப்பவன் அங்கே பெறாத திருப்பத்தை முழங்காலிலும் கணுக்காலிலும் முறுக்கிப் பெற முயல்வான். அம்முறுக்கு முழங்காலின் இணையங்களையும் உள்ளிருக்கும் கசியிழையத்தையும் வருத்தும். பரதம் பயில்வோர் இதனை எளிதில் உணர்வர். அரைமண்டியில் இடுப்பு இடந்தராத அளவுக்குப் பாதங்களை விரித்தால் நோவது முழங்காலே. வெளிப்பாதத்தால் எழுப்பும்போது கால் எதிர்த்திசையில் திரும்புவதால், பழகாதவர்க்கு முழங்காலின் உட்புறம் நோதலும் உண்டு.

நிற்குங் காலையும் மறத்தலாகாது. எழுங் காலையே கண் காண்கிறது. உடலின் பாரம் முழுவதையும் தாங்குவது நிற்குங் கால். அது விறைத்து நின்றால் அதிர்ச்சி இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறும். சிறிது மடங்கி நின்றால் தசைகள் அதனை ஏற்கும். புதியவர் பையைத் தேடி முதுகை வளைத்துக் கழுத்தைக் குனிவர். முதுகு நிமிர்ந்திருக்க முழங்காலை மடக்கித் தாழ்தலே தக்கது. வலக்காலால் மட்டும் ஆடுவோனுக்கு இடக்கால் ஓயாது சுமக்கும். இருகாலும் மாறிமாறி ஆடினாற் சுமை பங்கிடப்படும்.

துள்ளியெழுந்து ஆடும் வகைகளில் இடர் மிகுதி. வலைக்கு மேலே பாய்ந்து அடிப்பவனும், தாவியெழுந்து பின்புறமாகக் காலைக் குறுக்கிட்டுப் பையை ஏந்துபவனும் ஒற்றைக் காலில் இறங்க நேரும். கணுக்கால் சுளுக்குவதும் முழங்கால் திருகுவதும் அவ்விறக்கத்திலேயே நிகழக்கூடும். மேடுபள்ளமான தரையும் கழன்றுபோகும் செருப்பும் அவ்விடரைப் பெருக்கும். தட்டையான தரையும் காலைப் பற்றும் சப்பாத்தும் அதனைக் குறைக்கும்.

முறை செம்மையாயின் அச்சமே இல்லையோ எனின், அங்ஙனமன்று. ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் நாடோறும் செய்தால், செம்மையான அசைவும் தசைநாணை நோகச் செய்யும். முழங்காற்சில்லின் கீழும் தொடையின் உட்புறத்தும் மெல்லத் தோன்றி நாளடைவில் மிகும் நோவு இவ்வகையினது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மிகுதியையும் குறைவையும் ஒருங்கே நோய்க்குக் காரணமாக வைத்தது இங்கும் பொருந்தும்.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கன சிலவே. ஆட்டத்துக்குமுன் சிறிது நேரம் நடக்கவும் இடுப்பைச் சுழற்றவும் செய்க. தொடக்கத்திற் சில நிமிட ஆட்டம் போதும், நாட்செல்ல நீட்டுக. களைத்த கால் முறை தவறும், அப்போதே நிறுத்துக. முழங்கால் வீங்கினாலும், மடக்க நீட்ட இயலாது பிணித்துக்கொண்டாலும், காலூன்ற முடியாவிட்டாலும் தைலம் பூசிக் காலங்கடத்தாது மருத்துவரை நாடுக. இவற்றைக் கற்பித்தபின் பிள்ளைகளை ஆடவிடுக. புத்தகத்தின்மேற் கவிந்த முதுகு நிமிர, பாய் விரிக்கும் இடமே அவர்களுக்குப் போதும்.